எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் திரவ உணவு: வார்டில் தினமும் காதில் விழும் கேள்விகள்

டிஸ்சார்ஜ் ஆகும் காலையில் நோயாளியையும் துணைக்கு இருப்பவரையும் உட்காரவைத்து, கையில் ஒரு தாளைக் கொடுத்து, அரை மணி நேரம் பேசுவேன். இருவரும் தலையாட்டுவார்கள். அன்று சாயங்காலமே தொலைபேசி அடிக்கும்: “மேடம், ரசம் குடிக்கலாமா?” எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைப் பிரிவில் உணவியல் நிபுணராக இருக்கும் எனக்கு இந்த அழைப்புகளே பாதி வேலை. அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். உங்கள் அறுவை மருத்துவர் கொடுத்த தாள் இதற்கு மாறாக இருந்தால் அவர் சொன்னபடி நடங்கள். உங்கள் வயிற்றை உள்ளே பார்த்தவர் அவர்.

இரைப்பையைத்தான் சின்னதாக்கிவிட்டார்களே, பிறகு ஏன் வெறும் தண்ணீராகவே குடிக்க வேண்டும்? கொஞ்சமாகச் சோறு சாப்பிட்டால் என்ன?

ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். 100 முதல் 150 மில்லி வரை கொள்ளும். இரைப்பை பைபாஸ் என்றால் மேலே ஒரு சிறு பை மட்டும் விட்டு, அதை நேராகச் சிறுகுடலோடு இணைத்துவிடுவார்கள்; அந்தப் பையின் கொள்ளளவு சுமார் 30 மில்லி. வெட்டிய இடம் நெடுக டைட்டானியம் ஸ்டேப்பிள்கள் வரிசையாகப் போட்டு மூடியிருப்பார்கள். வெளியே ஐந்தாறு சிறு துளைத் தழும்புகள்தான் தெரியும். உள்ளே ஒரு நீண்ட காயம் இருக்கிறது, அது வீங்கியும் இருக்கிறது.

அந்த வீங்கிய குழாயில் ஒரு கவளம் சோறு போய் உட்கார்ந்தால் கீழே இறங்காது. உள்ளே அழுத்தம் கூடும், குமட்டும், வாந்தி எடுக்க முக்குவீர்கள். அத்தனை விசையும் ஆறாத தையலின்மேல்தான் விழும். எடை சீக்கிரம் குறைய வேண்டும் என்பதற்காகப் பட்டினி போடுகிறோம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். எடை தானாகக் குறையும். திரவ உணவு தையல் ஆறுவதற்காக.

மொத்தம் எத்தனை நாள்? பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஒரு வாரம் என்றார்களாம், எனக்கு இரண்டு வாரமாம்.

முதல் ஓரிரு நாள் தெளிந்த திரவம். பிறகு, இரண்டாம் வாரம் முடியும்வரை பால், மோர், வடிகட்டிய சூப் போன்ற முழுத் திரவம். மூன்றாம், நான்காம் வாரங்களில் கட்டியில்லாமல் மசித்தது. அதன் பின் மென்மையான உணவு. ஏறக்குறைய இரண்டு மாதத்தில் வழக்கமான சாப்பாடு, சிறிய அளவில். இது பொதுவான வரிசை. சில மருத்துவமனைகளில் ஒரு வாரம் முன்பின்னாக இருக்கும். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு நடந்தது வேறு அறுவையாக இருக்கலாம், அவருடைய மருத்துவர் வேறாக இருக்கலாம். அவர் தாளைப் பார்த்து நீங்கள் நடக்க வேண்டாம்.

அறுவைக்கு முன்பே இரண்டு வாரம் ஏன் இந்தத் தண்டனை? கடைசியாக ஒரே ஒரு பிரியாணி சாப்பிட்டுக்கொள்கிறேனே.

இந்தக் கேள்வி வராத வாரம் கிடையாது. கல்லீரலின் இடது மடல் இரைப்பையின்மேல் கூரை போலக் கவிந்திருக்கிறது. உடல் பருமன் உள்ளவர்களுக்கு அது பெரும்பாலும் கொழுப்பேறிப் பெருத்திருக்கும். லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளைகள் வழியே செய்யும் அறுவையில், அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் இரைப்பையைத் தொட முடியும். மாவுச்சத்தையும் கொழுப்பையும் குறைத்து, புரதத்தை மட்டும் விடாமல் ஒன்றிரண்டு வாரம் திரவத்தில் இருந்தால் கல்லீரல் கண்கூடாகச் சுருங்கும், மருத்துவருக்கு இடம் கிடைக்கும். பிரியாணி எங்கும் ஓடிவிடாது. சில மாதம் கழித்து இரண்டு கரண்டி சாப்பிடலாம்.

தெளிந்த திரவம் என்றால் என்ன? ரசம் தெளிவாகத்தானே இருக்கிறது?

கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பின்னால் விரலை வைத்துப் பாருங்கள். விரல் தெரிந்தால் தெளிந்த திரவம். தண்ணீர், வடிகட்டிய பார்லித் தண்ணீர், வழுக்கை இல்லாத இளநீர், கொழுப்பு நீக்கி வடிகட்டிய காய்கறி அல்லது கோழி சூப்பின் தெளிவு எல்லாம் இதில் சேரும். மோரும் பாலும் சேராது. அவை அடுத்த கட்டம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பொட்டாசியம் காரணமாக இளநீரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

ரசம் விரல் சோதனையில் தேறிவிடும், ஆனால் புளியும் மிளகும் காரமும் புண்ணான வயிற்றில் எரிச்சலைக் கிளப்பும். முழுத் திரவக் கட்டத்துக்கு வந்தபின், புளி குறைத்து, மிளகாய் தவிர்த்து, மேலாகத் தெளிவை மட்டும் எடுத்துத் துணியில் வடிகட்டிக் குடிக்கலாம். டீ வடிகட்டி போதாது. கடுகுத் தோல் அதன் வழியே தப்பிவிடும்.

ஒரு தடவைக்கு எவ்வளவு குடிக்கலாம்? ஒரு மடக்கு என்றால் என்ன அளவு?

முதல் நாள்களில் 15 நிமிடத்துக்கு 30 மில்லி. மணிக்கு 120 மில்லி. விழித்திருக்கும் 14 மணி நேரத்தில் 1,680 மில்லி. ஒரு நாளைக்குத் தேவையான ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் இப்படித்தான் தேறுகிறது. விட்ட மடக்கை மதியம் சேர்த்துக் குடித்துச் சரிக்கட்ட முடியாது. அதனால் குடிப்பதே இந்த இரண்டு வாரமும் உங்கள் முழுநேர வேலை.

அளவுக்கு என்னிடம் ஒரு வீட்டு வழி உண்டு: பாலாடை. ஒரு பாட்டி தன் மகளுக்காக, பேரப்பிள்ளைக்குப் பால் புகட்டிய வெள்ளிப் பாலாடையை முந்தானையில் முடிந்து வார்டுக்குக் கொண்டுவந்தார். மகள் மூக்குவரை சிவந்துபோனார், ஆனாலும் அதில்தான் குடித்தார். அதில் 10 மில்லி பிடித்தது. மூன்று முறை நிரப்பினால் கணக்கு சரி. அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பாலாடை எவ்வளவு கொள்ளும் என்பதை இருமல் மருந்து மூடியால் ஒரு முறை அளந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, அண்ணாந்து குடிக்கவே கூடாது. எச்சில் படக்கூடாது என்று செம்பைத் தூக்கி ஊற்றிக்கொள்வது நமக்குச் சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். அப்படிக் குடித்தால் பெரிய பெரிய மடக்காக இறங்கும், கூடவே காற்றும் போகும். உங்களுக்கென்று தனி டம்ளர் வைத்துக்கொண்டு வாய் வைத்தே குடியுங்கள்.

பருப்புத் தண்ணீர் தினமும் நான்கு டம்ளர் குடிக்கிறேன். புரதம் போதும்தானே?

போதாது. பருப்பு வெந்த தண்ணீரில் இறங்கும் புரதம் மிகக் குறைவு. சத்தெல்லாம் அடியில் தங்கிய பருப்பில்தான். உங்களுக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் உடல் தன் தசையைக் கரைத்துச் செலவழிக்கும், காயமும் மெதுவாக ஆறும். மூன்று நான்கு மாதம் கழித்துச் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வரும்போது பலர் என்னிடம் ஓடி வருகிறார்கள். அறுவையின் அதிர்ச்சியாலும் வேகமாக எடை குறைவதாலும் ஓரளவு முடி கொட்டத்தான் செய்யும், பிறகு வளர்ந்தும்விடும். புரதம் குறைந்திருந்தால் அது கூடுதலாகிவிடும்.

200 மில்லி கொழுப்பு நீக்கிய பாலில் ஆறரை கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. அதில் 10 கிராம் கொழுப்பில்லாப் பால்பவுடரைக் கரைத்தால் இன்னும் மூன்றரை கிராம். பால் தெளிநீரிலிருந்து எடுக்கும் வே புரதப் பவுடர் ஒரு அளவுக் கரண்டியில் ஏறக்குறைய 24 கிராம். ஆக, நாளைக்கு இரண்டு கரண்டி பவுடரும் 400 மில்லி பாலும் சேர்ந்தால் 60 எட்டிவிடும். பைபாஸுக்குப் பின் சிலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்பி, கழியும். அவர்கள் லாக்டோஸ் நீக்கிய வே ஐசோலேட் அல்லது சோயாப் புரதத்துக்கு மாறலாம்.

புரதப் பவுடர் ஜிம்முக்குப் போகும் பையன்கள் குடிப்பது இல்லையா? சிறுநீரகம் கெட்டுவிடாதா? நாங்கள் சைவம் வேறு.

பால் திரிந்து பன்னீர் எடுக்கும்போது பச்சையும் மஞ்சளுமாக ஒரு தெளிநீர் பிரியுமே, அதுதான் வே. அதை வடித்து உலர்த்தினால் பவுடர். சைவத்துக்கு ஒரு குறையும் இல்லை. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு இந்த அளவு கெடுதல் செய்யாது. சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏற்கெனவே கூடியிருந்தால் அளவைச் சிறுநீரக மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கொதிக்கும் பாலில் போட்டால் முட்டை வெந்ததுபோல் திரளும். முதலில் ஆறிய நீரில் கரைத்து, வெதுவெதுப்பான பாலில் ஊற்றுங்கள். இனிப்பைக் கண்டாலே குமட்டுகிறது என்பவர்கள் மணமில்லாத பவுடரை வாங்கி மோரிலோ சூப்பிலோ கலந்துகொள்ளுங்கள். மோரில் ஒரு சிட்டிகை உப்பும் பெருங்காயமும் போட்டால் பவுடரின் வாடை தெரியாது.

அம்மா ஆட்டுக்கால் சூப் வைத்துத் தருகிறார். எலும்புக்கு நல்லது, தையலும் சீக்கிரம் ஆறும் என்கிறார். குடிக்கலாமா?

முழுத் திரவக் கட்டத்தில், வடிகட்டிக் குடிக்கலாம். சூப்பை இரவெல்லாம் குளிர்பெட்டியில் வையுங்கள். காலையில் மேலே வெண்ணெய் ஏடு போலக் கொழுப்பு உறைந்திருக்கும். அதை ஒரே வில்லையாக எடுத்து வீசிவிட்டு, மிளகைக் குறைத்துச் சூடாக்குங்கள். ஆனால் அதைப் புரதக் கணக்கில் எழுதாதீர்கள். அதில் இருப்பது பெரும்பாலும் ஜெலட்டின். உடலுக்கு அத்தியாவசியமான அமினோ அமிலம் ஒன்று அதில் அறவே இல்லை. அம்மாவிடம் வாதாடாமல் குடித்துவிட்டு, பவுடரையும் விடாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

காபி?

இந்த ஒரே சொல்லில்தான் கேட்கிறார்கள். எங்கள் பிரிவில் முதல் நான்கு வாரம் கிடையாது. அமிலச் சுரப்பைக் கிளறிவிடும், டம்ளரில் பாதியை அதுவே அடைத்துக்கொள்வதால் தண்ணீரும் புரதமும் பின்தங்கிவிடும். திடீரென்று நிறுத்தினால் தலைவலி மண்டையைப் பிளக்கும் என்பதால் அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே டிகாக்ஷனைப் படிப்படியாகக் குறைத்துவிடுங்கள். துணைக்கு இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஃபிளாஸ்க்கை வெளியே வராந்தாவில் திறங்கள்.

தோள்பட்டை வரை வாயு பிடித்திருக்கிறது. ஒரு சோடா குடித்தால் ஏப்பம் வந்து சரியாகிவிடுமே?

அறுவையின்போது வயிற்றை உப்பவைக்கக் கரியமிலவாயு செலுத்துவார்கள். அதன் மிச்சம் உதரவிதானத்தை உறுத்துவதால்தான் தோளில் வலிக்கிறது. அந்த வாயு இருப்பது குடலுக்கு வெளியே. சோடா அதை ஒன்றும் செய்யாது. சோடாவின் வாயுதான் புதிதாகச் சேர்ந்து அந்தச் சின்னக் குழாயை ஊதும். மணிக்கொரு தடவை வார்டில் நடங்கள். இரண்டு மூன்று நாளில் தணியும். தணியாமல் கூடிக்கொண்டே போனால், கீழே நுரை வாந்தியைப் பற்றிய பதிலின் கடைசிப் பத்தியைப் படியுங்கள்.

எனக்குப் பசியே இல்லை, ஏன் குடிக்க வேண்டும்? என் தம்பிக்கு அதே அறுவை, அவனுக்கோ அகோரப் பசி.

பசியைத் தூண்டும் கிரெலின் பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் சுரக்கிறது. ஸ்லீவில் அந்தப் பகுதியே போய்விடுவதால் பசி அடங்கிவிடும். தாகமும் மந்தமாகலாம். ஆபத்து அங்கேதான். வீட்டுக்குப் போனவர்கள் திரும்ப வந்து படுப்பதற்குப் பெரிய காரணம் நீரிழப்பு. சிறுநீர் அடர்மஞ்சளானால், எழுந்து நின்றால் கண் இருட்டினால், நீங்கள் போதுமான அளவு குடிக்கவில்லை. கைப்பேசியில் மணி வைத்துக் குடியுங்கள்.

தம்பிக்கு வருவது பெரும்பாலும் அமிலம் சுரந்து வயிற்றைப் பிராண்டும் உணர்வு. பசி போலவே இருக்கும். அமிலம் குறைக்கும் மாத்திரையை விடாமல் போடுகிறானா என்று கேளுங்கள். வீட்டில் தாளிக்கும் வாசனைக்கு வாய் ஊறினால் அது நாக்கின் ஆசை. அதற்கு மாத்திரை இல்லை.

ஐஸ்கிரீம் உருகினால் திரவம்தானே? பாயசத்தை வடிகட்டினால்?

கெட்டிக்காரக் கேள்வி. தையலுக்கு அதனால் தீங்கில்லை, உங்களுக்கு உண்டு. சர்க்கரை மிகுந்த திரவம் வேகமாகச் சிறுகுடலில் கொட்டும்போது, முக்கியமாக பைபாஸ் செய்தவர்களுக்கு, அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்று முறுக்கல், பேதி என வரும். இதை டம்பிங் என்பார்கள். பைபாஸ் ஆன சில மாதங்கள், ஆண்டுகள் கழித்துக்கூடச் சிலருக்கு இனிப்பு சாப்பிட்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும்.

ஸ்லீவ் செய்தவர்களுக்கு இது குறைவு. அவர்களுக்கு வேறு வினை: உருகியது தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும், வயிறு நிறையாது, எத்தனை கிண்ணம் என்று கணக்கே தெரியாது. இரண்டு வருடம் கழித்து எடை ஏறி வருபவர்களிடம் கேட்டுப் பார்த்தால், பழச்சாறும் மில்க்ஷேக்கும்தான் முதலில் வெளியே வருகின்றன.

சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைப் பழையபடி போடலாமா? பெரிய மாத்திரை தொண்டையில் நிற்கிறதே.

பழையபடி போடக்கூடாது. டிஸ்சார்ஜ் தாளில் புதிதாக எழுதியதை மட்டும் போடுங்கள். திரவத்தில் இருக்கும்போது இன்சுலினோ கிளிமெபிரைடோ பழைய அளவில் போனால் சர்க்கரை தரைமட்டமாகிவிடும். நீர் பிரிக்கும் பிரஷர் மாத்திரை நீரிழப்பைக் கூட்டும். டாபாகிளிஃபுளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகளை அறுவைக்குச் சில நாள் முன்பே நிறுத்தியிருப்பார்கள். வீட்டு டப்பாவில் மிச்சம் இருக்கிறதே என்று எடுத்துப் போட்டால், மீட்டரில் சர்க்கரை சரியாகக் காட்டும்போதே ரத்தத்தில் கீட்டோ அமிலம் ஏறிவிடலாம்.

பொடித்துப் போடலாமா என்று ஒவ்வொரு மாத்திரைக்கும் கேட்டுக்கொள்ளுங்கள். பெயரின் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்ஆர் என்று இருப்பவற்றைப் பொடிக்கக்கூடாது. மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும். வலிக்கு பாராசிட்டமால் போதும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகைகள் புண்ணாக்கும், பைபாஸ் செய்தவர்களுக்குக் கூடுதலாக.

குடித்ததும் நுரை நுரையாக வருகிறது. இது வாந்தியா? எப்போது பயப்பட வேண்டும்?

வேகமாகக் குடித்தால் திரவம் மேலேயே நின்று, எச்சில் நுரைத்து வரும். அரை மணி நேரம் எதுவும் குடிக்காமல் இருந்துவிட்டுப் பாலாடைக் கணக்குக்குத் திரும்புங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும்.

குடிப்பதெல்லாம் ஒரு நாள் முழுக்கத் திரும்பி வந்தால் உடனே மருத்துவமனையைக் கூப்பிடுங்கள். சும்மா படுத்திருக்கும்போதே நாடி 120-ஐத் தாண்டுவது, காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி அல்லது இடது தோள் வலி, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நடு இரவானாலும் கிளம்புங்கள். தையல் கசிந்தால் இப்படித்தான் தெரியும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

நான்கு நாளாக வாந்தி, ஒரே களைப்பு. தெரு முனைக் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டால் தெம்பு வருமே?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்ய வேண்டுமென்றால் இந்தப் பதிலைச் செய்யுங்கள். உடலில் தயமின் எனப்படும் வைட்டமின் பி1 இருப்பு சில வாரங்களுக்குத்தான் வரும். சரியாகச் சாப்பிடாமல் வாந்தியும் எடுத்தால் அது வேகமாகத் தீரும். குளுக்கோஸைச் செலவழிக்க பி1 தேவை. இருப்பு தீர்ந்திருக்கும்போது குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சமும் போய், மூளை பாதிக்கப்படலாம். பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழம்புவது இதன் அறிகுறிகள். தாமதித்தால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடலாம்.

எந்த ஊரில், எந்த மருத்துவரிடம் போக நேர்ந்தாலும் வாசலிலேயே சொல்லுங்கள்: எடைக் குறைப்பு அறுவை ஆகியிருக்கிறது, வாந்தி இருக்கிறது, குளுக்கோஸுக்கு முன் தயமின் ஊசி போடுங்கள். நீங்கள் சொல்லும் நிலையில் இல்லாமல் போகலாம். அதனால் துணைக்கு இருப்பவருக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை விரதத்தை இதுவரை விட்டதில்லை. எப்படியும் சோறு இல்லை, தண்ணீரையும் ஒரு பொழுது விட்டால் என்ன?

திரவம் மட்டும் எடுத்து, சோறில்லாமல் இருப்பதையே விரதமாகக் கொள்ளுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. தண்ணீர் இல்லாத விரதம் வேண்டாம். மேலே போட்ட கணக்கைப் பாருங்கள். ஆறு மணி நேரம் விட்டால் 720 மில்லி போய்விடும், அதை ராத்திரி ஈடுகட்ட இடமில்லை. ரமலான் நோன்புக்கும் இதே பதில்தான்: முதல் சில மாதங்கள் வேண்டாம், பிறகும் மருத்துவரைக் கேட்டுவிட்டு. நோயாளிக்குச் சலுகை உண்டு என்று நோன்பாளிகளே எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

மேடம், திட்டாதீர்கள். பத்தாம் நாள் கல்யாண வீட்டில் நான்கு வாய் சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. இனிமேல் சாப்பிடலாம்தானே?

திட்டவில்லை. சொன்னதற்கு நன்றி; சொல்லாமல் மறைப்பவர்கள்தான் என்னைப் பயமுறுத்துகிறார்கள். ஒன்றும் ஆகவில்லை என்பது அந்த நான்கு வாய்க்கு மட்டும் பொருந்தும். தெளிந்த திரவத்துக்கு ஒரு நாள் திரும்புங்கள். முன் கேள்வியொன்றில் சொன்ன நாடி, காய்ச்சல், வலி மூன்றையும் இரண்டு நாள் கவனியுங்கள். பிறகு மிச்ச நாள்களைத் திரவத்திலேயே முடியுங்கள். அடுத்த கல்யாணத்துக்குச் சாப்பாட்டுப் பந்தி முடிந்தபின் போய் மொய் எழுதிவிட்டு வாருங்கள்.

பதினைந்தாம் நாள் விடிந்துவிட்டது. இட்லி சாப்பிடலாமா? இட்லி பஞ்சு போலத்தானே இருக்கும்?

பஞ்சு போல இருப்பதுதான் சிக்கல். உலர்ந்த இட்லி உள்ளே போய் உருண்டு, மாவுக் கட்டியாக அடைத்துக்கொள்ளும். முதலில் குழைய வேகவைத்து மசித்த பாசிப்பருப்பு, அசைவர்களானால் மசித்த முட்டை, நன்றாகக் கடைந்த தயிர். இவை நான்கைந்து நாள் ஒத்துக்கொண்டால் கால் இட்லியை நீர்த்த சாம்பாரில் பத்து நிமிடம் ஊறவைத்து, கரண்டியின் பின்புறத்தால் கட்டி இல்லாமல் மசித்து, ஒரு காபிக் கரண்டியால் இருபது நிமிடம் சாப்பிடுங்கள். அதற்குப் பின் அரை மணி நேரம் தண்ணீர் கூடாது. மீதி முக்கால் இட்லியை வீட்டில் வேறு யாராவது சாப்பிடட்டும்.